நாடு கடனைக் கட்ட முடியாமல் போனால் நமக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசின் கடன் இத்தனை லட்சம் கோடியைத் தாண்டியது என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள் கிளம்புகின்றன. வங்கியில் போட்ட பணம் என்ன ஆகும், ஓய்வூதியம் வருமா, இந்த நாடும் அந்த நாட்டைப் போல ஆகிவிடுமா? இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்குவது தவறு. பயந்து கையிலிருப்பதை அவசரமாக விற்பதும் தவறு. நடந்த சம்பவங்களை வைத்தே பதில் சொல்ல முயல்கிறேன்.

மொத்தக் கடனை மக்கள்தொகையால் வகுத்து "தலைக்கு இவ்வளவு" என்கிறார்களே, அது என் கடனா?

இல்லை. அந்தத் தொகையைக் கேட்டு யாரும் உங்கள் கதவைத் தட்டப் போவதில்லை. அந்தக் கணக்கு இரண்டு விஷயங்களை மறைக்கிறது. கடன் என்றால் எதிர்ப்பக்கம் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். அரசின் கடன் பத்திரத்தை வைத்திருப்பது பெரும்பாலும் வங்கி, காப்பீட்டு நிறுவனம், ஓய்வூதிய நிதி. நீங்கள் மாதாமாதம் கட்டும் பிரீமியமும் பிடித்தம் செய்யப்படும் சேமிப்பும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அதனால் ஒரே நேரத்தில் நீங்கள் கடனாளியாகவும் கடன் கொடுத்தவராகவும் இருக்கலாம்.

இன்னொன்று, சுமை தலைக்கு ஒரே அளவாக விழுவதே இல்லை. விற்பனை வரியை உயர்த்திக் கடனை அடைத்தால் வருமானம் முழுவதையும் செலவழித்துத் தீர்ப்பவர் தம் வருமானத்தில் அதிகப் பங்கைக் கட்டுகிறார். சொத்து வரியை உயர்த்தினால் வேறொருவர் கட்டுகிறார். எவ்வளவு கடன் என்பதைவிட யார் தலையில் விழும் என்பதைக் கேளுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளும் இதில்தான் வந்து நிற்கின்றன.

அரசு எப்படிக் கடன் வாங்குகிறது?

ஒரு பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். முகமதிப்பு 100. ஆண்டுக்கு 5 வட்டி, பத்தாம் ஆண்டில் அசல் திரும்பக் கிடைக்கும். அரசு இதை ஏலத்தில் விடுகிறது. நம்பிக்கை இருக்கும் வரை 100-க்கு எடுக்க ஆள் இருக்கும். நம்பிக்கை குறைந்தால், பழைய பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை 80-க்குத் தள்ளிவிடுகிறார். 80 கொடுத்து வாங்குபவருக்கும் அதே 5 வருகிறது, முடிவில் 100 வருகிறது, ஆக அவருடைய உண்மையான வட்டி 5 விழுக்காட்டுக்கு வெகு மேலே. அடுத்த ஏலத்தில் அரசும் அந்த உயர்ந்த வட்டியைக் கொடுத்தால்தான் கடன் கிடைக்கும். பத்திரத்தின் விலை சரிந்தது என்ற சின்னச் செய்தி உண்மையில் அரசின் வட்டிச் செலவு ஏறப் போகிறது என்ற செய்தி.

பத்திரச் சந்தை தவிர மற்ற நாடுகளின் அரசுகள், உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம் ஆகியவையும் கடன் கொடுக்கின்றன.

குடும்பம் கடனை அடைத்தே ஆக வேண்டும். அரசு மட்டும் அடைக்காமலே காலம் தள்ளலாமா?

தள்ளுகின்றன. குடும்பத்தில் சம்பாதிப்பவருக்கு வயதாகிறது, ஒருநாள் வேலை நிற்கிறது. அரசுக்கு ஓய்வு வயது கிடையாது. பழைய பத்திரம் முதிரும்போது புதுப் பத்திரம் விற்று அதை அடைப்பார்கள். முதல் உலகப் போருக்காக வாங்கிய கடனின் மிச்சத்தைப் பிரிட்டன் 2015-இல்தான் தீர்த்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவிடம் வாங்கியதன் கடைசித் தவணையை 2006-இன் இறுதியில் கட்டியது. முதல் உலகப் போர் இழப்பீட்டோடு சேர்ந்த பத்திரங்களின் கடைசி வட்டியை ஜெர்மனி 2010 அக்டோபரில் கட்டியது. கட்டியபோது அந்தப் போரில் சண்டையிட்ட தலைமுறையில் ஏறக்குறைய யாருமே உயிரோடு இல்லை.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: அடுத்த ஏலத்துக்கு ஆள் வர வேண்டும். வராத நாளில்தான் நாடு சிக்குகிறது. பெரும்பாலான நாடுகள் விழுந்தது கடன் மலையின் உயரத்தால் அல்ல, புதுக் கடன் கிடைக்காமல் போன அந்த ஒரு வாரத்தில்தான்.

எத்தனை விழுக்காடு வரை கடன் இருந்தால் பாதுகாப்பு?

அப்படி ஒரு கோடு இருந்தால் எவ்வளவோ வசதியாக இருக்கும். இல்லை. ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், பல ஆண்டுகளாகவே. அது தவணை தவறவில்லை. அர்ஜென்டினா 2001 டிசம்பரில் விழுந்தபோது அதன் கடன் மொத்த உற்பத்தியில் சுமார் பாதிதான். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு 60 விழுக்காடு என்று வரம்பு வைத்தது; அதைத் தாண்டிய நாடுகள் பல, விழுந்தது கிரீஸ்.

ஜப்பானின் கடன் அதன் சொந்த நாணயமான யென்னில் இருக்கிறது. பெரும்பகுதி உள்நாட்டில் இருப்பவர்களிடமும் அந்நாட்டு மத்திய வங்கியிடமும் இருக்கிறது. அர்ஜென்டினாவின் கடனில் பெரும்பகுதி வெளிநாட்டு நாணயத்தில் இருந்தது. சொந்த நாணயமான பெசோவை அச்சடிக்கலாம், டாலரை அச்சடிக்க முடியாது. டாலர் வேண்டுமென்றால் ஏற்றுமதி செய்ய வேண்டும், அல்லது இன்னும் கடன் வாங்க வேண்டும். கடன் யாரிடம், எந்த நாணயத்தில், எப்போது திருப்ப வேண்டும், வட்டிக்காக அரசு வருமானத்தில் எவ்வளவு போகிறது: இந்த நான்கும் தெரியாமல் மொத்த விழுக்காட்டை மட்டும் பார்ப்பது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று மட்டும் பார்த்து நோயைச் சொல்வது போலத்தான்.

அரசே நோட்டு அச்சடித்து அடைத்துவிடக் கூடாதா?

சொந்த நாணயக் கடன் என்றால் முடியும். விலை ஏறும் என்பதுதான் அதற்கான கட்டணம். 1923-இல் ஜெர்மனியில் ஒரு டாலர் நான்கு லட்சம் கோடி மார்க்குக்கு மேல் போனது. போர்க்காலத்தில் தேசத்தை நம்பிப் பத்திரம் வாங்கியவர்களுக்கு முகமதிப்பில் ஒரு மார்க் கூடக் குறையவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு எதுவும் வாங்க முடியவில்லை. இதையும் நான் தவணை தவறியதாகவே கருதுகிறேன், அறிவிப்பு இல்லாமல் நடந்த ஒன்று.

ரஷ்யா 1998 ஆகஸ்ட் 17-இல் தன் சொந்த ரூபிளில் வாங்கிய கடனையே நிறுத்தியது. ஆக "சொந்த நாணயம் என்றால் திவாலே ஆகாது" என்பதும் முழு உண்மை அல்ல. கிரீஸின் கடன் யூரோவில் இருந்தது. யூரோவை அச்சடிக்கும் அதிகாரம் ஏதென்ஸில் இல்லை.

ஒரு நாடு "கட்ட முடியாது" என்று சொன்ன மறுநாள் என்ன நடக்கும்?

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தவணை தவறிய பிறகும் பெரும்பாலான பத்திரங்களில் 30 நாள் அவகாசம் உண்டு. இலங்கை 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனை நிறுத்துவதாக அறிவித்தது. அவகாசம் தீர்ந்து முறைப்படி தவணை தவறிய நாடானது மே மாதத்தில். அதற்குப் பின் பேச்சுவார்த்தை. ஒரு நிறுவனம் திவாலானால் நீதிமன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நாடு திவாலானால் அப்படி ஒரு நீதிமன்றம் உலகில் எங்கும் இல்லை. கடன் கொடுத்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகவும் கூட்டாகவும் பேசி, வட்டியைக் குறைத்து, ஆண்டுகளை நீட்டி, அசலில் ஒரு பகுதியை வெட்டித்தான் தீர்க்க வேண்டும். அந்த வெட்டுக்குச் சந்தையில் "ஹேர்கட்" என்று பெயர். கிரீஸ் 2012-இல் தனியாருக்குக் கொடுக்க வேண்டியதில் முகமதிப்பில் 53.5 விழுக்காட்டை வெட்டியது.

எல்லோரும் ஒத்துக்கொள்வதும் இல்லை. அர்ஜென்டினாவின் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிய சில முதலீட்டு நிதிகள், முழுத் தொகையும் வேண்டும் என்று வழக்குப் போட்டன. 2012 அக்டோபரில் அந்நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் லிபர்ட்டாட், கானாவின் டேமா துறைமுகத்துக்குப் போயிருந்தபோது, அந்தப் பழைய பத்திரங்களுக்காக நீதிமன்ற ஆணையால் பிடித்துவைக்கப்பட்டது. மாலுமிகளில் பெரும்பாலோரை விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டு, கொஞ்சம் பேர் மட்டும் கப்பலைக் காத்தார்கள். போர்க்கப்பலைப் பிடிக்க முடியாது என்று சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் டிசம்பரில் சொன்ன பிறகுதான் கப்பல் விடுபட்டது. அந்த வழக்குகள் சமரசத்தில் முடிய 2016 ஆனது. 2001-இல் தவறிய தவணைக்குப் பதினைந்து ஆண்டுகள்!

வங்கியில் இருக்கும் என் பணம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. வங்கிகள் உங்கள் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை அரசுப் பத்திரங்களில் போட்டிருக்கின்றன. பத்திரம் மதிப்பிழந்தால் வங்கி ஆட்டம் காண்கிறது. ஆட்டம் காணும் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே நாளில் பணம் எடுக்கப் போகிறார்கள். எந்த வங்கியாலும் அதைத் தாங்க முடியாது.

2001 டிசம்பரில் அர்ஜென்டினா அரசு, கணக்கிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்கக் கூடாது என்றது. மக்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், அதிபர் பதவி விலகினார். அடுத்து வந்தது இன்னும் மோசம். டாலரில் போட்டு வைத்திருந்தவர்களின் கணக்கை டாலருக்கு 1.40 பெசோ என்று மாற்றினார்கள். சில மாதங்களில் சந்தையில் டாலர் 3 பெசோவைத் தாண்டியிருந்தது. டாலர் கணக்கு வைத்திருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தவர்களின் சேமிப்பில் பாதிக்கு மேல் அப்படிப் போனது.

கிரீஸில் 2015 ஜூன் 29-இல் வங்கிகளை மூடினார்கள். ஏடிஎம்மில் நாளைக்கு 60 யூரோதான். இருபது யூரோ நோட்டுகள் தீர்ந்துபோன இயந்திரங்களில் 50 மட்டுமே வந்தது. அட்டை இல்லாத ஓய்வூதியர்களுக்காகச் சில கிளைகளை மட்டும் திறந்து 120 யூரோ வரை கொடுத்தார்கள். விடியற்காலையிலேயே முதியவர்கள் அந்தக் கதவுகளின் முன் நின்றார்கள். வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர்கள். அந்த வரிசையைத் தவிர்த்திருக்க முடியாதா என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

லெபனான் 2020 மார்ச்சில் தவணை தவறியது. அதற்கு முன்பிருந்தே வங்கிகள் டாலர் கணக்குகளை முடக்கியிருந்தன, அதற்கென ஒரு சட்டம்கூட இல்லாமல். 2022 செப்டம்பரில் பெய்ரூட்டில் ஒரு பெண் விளையாட்டுத் துப்பாக்கியோடு வங்கிக்குள் நுழைந்து சுமார் 13,000 டாலரை வாங்கிக்கொண்டு போனார். அது அவருடைய குடும்பத்தின் சொந்தச் சேமிப்பு. சகோதரியின் புற்றுநோய் சிகிச்சைக்காக.

சரி, எப்போதும் இப்படித்தான் ஆகுமா? இல்லை. இலங்கை 2023-இல் உள்நாட்டுக் கடனை மாற்றியமைத்தபோது வங்கிகளின் கையிலிருந்த ரூபாய்க் கடன் பத்திரங்களைத் தொடவில்லை. வங்கி விழுந்தால் எல்லாம் விழும் என்பது காரணம். அதற்குப் பதிலாக ஊழியர்களின் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்களுக்கு வட்டி குறைந்தது: 2025 வரை 12, பிறகு 9 விழுக்காடு. வைப்புத்தொகை தப்பியது, தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு வளரும் வேகம் குறைந்தது. நல்ல தீர்வா கெட்ட தீர்வா என்று வாதாடலாம். சுமை எங்கே இறக்கிவைக்கப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

சம்பளமும் ஓய்வூதியமும் நின்றுவிடுமா?

முழுவதும் நிற்பது அரிது. நேரடியாக வெட்டுவது ஒரு வழி; கிரீஸ் ஓய்வூதியத்தைப் பலமுறை வெட்டியது. இன்னொரு வழியில் எண் அப்படியே இருக்கும், மதிப்பு போய்விடும். இலங்கையில் 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டது, உணவுப் பொருட்களுக்கு 90-ஐயும் தாண்டியது. சம்பளச் சீட்டில் அதே தொகை. கடைக்குப் போனால் முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அமெரிக்கா ஆண்டுக்கு ஒருமுறை திவாலாகப் போவதாகச் செய்தி வருகிறதே?

அது வேறு கதை. 1917 முதல் அங்கே கடனுக்குச் சட்டப்படி ஒரு உச்சவரம்பு இருக்கிறது. செலவுக்கு ஏற்கெனவே ஒப்புதல் தந்த நாடாளுமன்றமே, அதற்கான கடனை வாங்கவும் தனியாக அனுமதி தர வேண்டும். கட்சிகள் இழுபறி நடத்தும்போது கெடு நெருங்குகிறது, கடைசி நேரத்தில் வரம்பை உயர்த்துகிறார்கள். பணம் இல்லாத பிரச்சினை அல்ல, கையெழுத்துப் போடாத பிரச்சினை. ஆனாலும் சேதம் உண்டு: 2011 ஆகஸ்டில் அப்படி ஒரு இழுபறிக்குப் பிறகு கடன்களுக்குத் தரம் போடும் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் மிக உயர்ந்த தர மதிப்பீட்டை முதன்முறையாகக் குறைத்தது. 1979-இல் உச்சவரம்பு இழுபறியும் அலுவலகக் கருவிகளின் கோளாறும் சேர்ந்து சில சிறு முதலீட்டாளர்களுக்குப் பணம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது.

கடனுக்காக வெளிநாடு நிலத்தையோ துறைமுகத்தையோ எடுத்துக்கொள்ளுமா?

பழைய காலத்தில் எடுத்தார்கள். எகிப்து 1876-இல் தவணை தவறியது, அதன் நிதியைப் பிரிட்டனும் பிரான்சும் மேற்பார்வை செய்யத் தொடங்கின, 1882-இல் பிரிட்டன் படையோடு உள்ளே வந்தது. 1902-இல் வெனிசுவேலாவின் துறைமுகங்களைப் பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலிக் கப்பல்கள் முற்றுகையிட்டன. தன்னாட்சி பெற்றிருந்த நியூஃபவுண்ட்லாந்து, கடனில் மூழ்கி 1934-இல் தன் சட்டமன்றத்தையே கைவிட்டது. 1949-இல் கனடாவின் ஒரு மாகாணமானது.

இன்று படையெடுத்து வசூலிக்க முடியாது. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 2017-இல் அதை 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனம் ஒன்று எடுத்தது, 1.12 பில்லியன் டாலருக்கு. கடனுக்குப் பதிலாகத் துறைமுகம் பறிபோனது என்பது சரியில்லை: துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அப்படியே நின்றது, குத்தகைப் பணம் டாலர் கையிருப்பைக் கூட்டத்தான் பயன்பட்டது. ஆனால் டாலருக்குத் தவிக்கும் நாடு பேரம் பேசும் நிலையில் இருக்காது. என் கவலை அதுதான்.

சர்வதேச நாணய நிதியம் வருவது நல்லதா?

வேறு யாரும் கடன் தராத நேரத்தில் அது தருகிறது. வரி உயர்வு, மானியக் குறைப்பு, செலவுக் கட்டுப்பாடு என்று நிபந்தனைகளோடு. 1991-இல் இந்தியாவின் டாலர் கையிருப்பு சில வாரங்களின் இறக்குமதிக்குத்தான் போதும் என்று ஆனபோது, சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தும் நிதியத்திடம் கடன் பெற்றும் தவணை தவறாமல் தப்பியது. கிரீஸ் விஷயத்தில் தன் கணிப்புகள் தவறியதை நிதியமே 2013-இல் ஒப்புக்கொண்டது: கடன் வெட்டு தாமதமானது, பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட மிக ஆழமாகச் சுருங்கியது.

அப்படியானால் எப்பாடுபட்டாவது கட்டிவிடுவதுதானே மானம்?

இந்த இடத்தில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எப்பாடு, யார் படும் பாடு என்று கேட்க வேண்டும்.

ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1980-களில் வெளிநாட்டுக் கடனை ஒரு சல்லி பாக்கியில்லாமல் அடைப்பது என்று முடிவெடுத்தார். விளைந்ததை ஏற்றுமதி செய்தார்கள். ரொட்டிக்குப் பங்கீடு. குளிர்காலத்தில் வீடுகளுக்குச் சூடு இல்லை, மின்விளக்கும் அளந்துதான். 1989 ஏப்ரலில் கடன் தீர்ந்தது என்று அறிவித்தார். டிசம்பரில் அவர் ஆட்சியே இல்லை. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் அது வெற்றி.

ஹைத்தியின் கதை இன்னும் கொடியது. பிரான்ஸின் அடிமைத்தளையை உடைத்து விடுதலை பெற்ற மக்களிடம், இழந்த "சொத்து"க்கு ஈடாக 15 கோடி ஃபிராங்க் வேண்டும் என்று 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பிக் கேட்டது. பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். கட்டுவதற்காக வாங்கிய கடன்களின் கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947-இல். அதை ஒருபோதும் கட்டியிருக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

மறுபக்கம் 1953-இல் லண்டனில் நடந்தது. போரை மூட்டித் தோற்ற ஜெர்மனியின் கடனை, கொடுத்த நாடுகள் சேர்ந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தன. ஏற்றுமதியில் மிஞ்சுவதைக் கொண்டு கட்டும்படி தவணையை நீட்டின. குறைத்துக் கொடுத்தவர்களில் கிரீஸும் ஒன்று. எந்தக் கடனைக் குறைக்கலாம் என்பது கணக்கைப் போலவே அரசியலும்தான்.

அதற்காகத் தவணை தவறுவதை லேசாகப் பேசவும் மாட்டேன். கட்டவே முடியாத கடனை இன்னும் இரண்டு ஆண்டு இழுத்து, கையிருப்பு டாலரையெல்லாம் பத்திரக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மருந்து வாங்கக் காசில்லாமல் விழுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். விழத்தான் வேண்டுமென்றால் கையில் கொஞ்சம் இருக்கும்போதே பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும்.

முன்கூட்டியே அடையாளம் தெரியுமா?

தேதி தெரியாது, போக்கு தெரியும். மத்திய வங்கி வெளியிடும் டாலர் கையிருப்பைப் பாருங்கள். இலங்கையில் 2019 இறுதியில் 7.6 பில்லியன் டாலராக இருந்தது 2022 மார்ச்சில் 2 பில்லியனுக்கும் கீழே வந்துவிட்டது. அதிலும் பெரும்பகுதி தேவைக்கு எடுக்க முடியாத சீன நாணயம். அப்புறம், அரசு நீண்ட காலக் கடனை விட்டுவிட்டு மூன்று மாதம், ஆறு மாதம் என்று குறுகிய கடனாக வாங்கத் தொடங்கினால் நீண்ட காலத்துக்கு நம்ப ஆள் இல்லை என்று பொருள். அதிகாரபூர்வ டாலர் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி விரிவதும் அப்படித்தான். இந்தத் தகவல்கள் எல்லாம் பெரும்பாலும் பொதுவில் கிடைப்பவை.

நான் இப்போது என்ன செய்யலாம்?

உங்கள் வங்கிக் கணக்குக்கு வைப்புத்தொகைக் காப்பீடு எத்தனை வரை என்று பாருங்கள். அதைத் தாண்டிய தொகை ஒரே வங்கியில் இருந்தால் பிரித்து வையுங்கள். உள்ளூர் நாணயத்தில் சம்பாதித்துக்கொண்டு வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்காதீர்கள், வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும். ஓய்வூதிய நிதியின் ஆண்டறிக்கையில் எதில் முதலீடு செய்திருக்கிறார்கள் என்ற பக்கத்தையாவது படியுங்கள். "அரசு விழப் போகிறது, உடனே பணத்தை எங்களிடம் மாற்றுங்கள்" என்று வரும் அழைப்பை அப்படியே துண்டியுங்கள்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் கடன் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடுத்த மூன்று ஆண்டில் எவ்வளவு முதிர்கிறது, அதில் வெளிநாட்டு நாணயத்தில் எவ்வளவு, பற்றாக்குறை வந்தால் எந்த வரியைத் தொடுவீர்கள், எந்தச் செலவைத் தொட மாட்டீர்கள் என்று கேளுங்கள்.